அவசரமாய் வரும் பிள்ளைக்கு அவசியமான ஓர் ஊசி!

"அய்யா, நீங்கதானே ஊர்க் கூட்டத்துல சொன்னீக, ஸ்டீராய்டு விஷம்னு? இப்ப என் மருமகளுக்கு அதையே போடணுங்கறாக. வகுத்துப் புள்ளைக்கு ஏதும் ஆயிருச்சுன்னா?"

சில வருடங்களுக்கு முன்பு, ராத்திரி ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் வந்த குரல் இது. திருச்சுழிக்குக் கிழக்கே, நரிக்குடி போகிற வழியில் ஒரு கிராமம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பம். பேசியவர் என்னிடம் முட்டு வலிக்கு மருந்து வாங்குகிற பெரியவர்.

விவரம் கேட்டேன். மருமகளுக்குத் தலைப்பிரசவம். 31 வாரம், ஊர்க் கணக்கில் எட்டாம் மாதம் நடக்கிறது. விடியற்காலையில் இடுப்பு வலித்திருக்கிறது. "சூட்டு வலியா இருக்கும்" என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்து மணி வாக்கில் பனிக்குடம் உடைந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உச்சி வேளை. அங்கே டாக்டரம்மா சொன்னது: "குழந்தை சீக்கிரம் பிறந்துவிடும் போலிருக்கிறது. நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போடணும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியவருக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. "வேண்டாம்" என்றிருக்கிறார். மாமியார் தன் பங்குக்கு, "ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காது. எதுக்கு அவளைப் போட்டுக் குத்திக்கிட்டு?" என்று சொல்லியிருக்கிறார். இப்படியே ஒன்பது மணி நேரம் போய்விட்டது!

எனக்குக் கை நடுங்கிவிட்டது. "உடனே சம்மதம்னு சொல்லுங்க. அந்த ஊசிதான் உங்க பேரப்பிள்ளைக்கு மூச்சு. மற்றதைக் காலையில் பேசிக்கலாம்" என்றேன்.

நான் சொன்ன பாதி உண்மை

கூட்டத்தில் நான் பேசியது பொய்யில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் முட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் பஞ்சமே கிடையாது. பேர் இல்லாத மாத்திரை, பொட்டலத்தில் மடித்த பொடி என்று யார் யாரோ விற்கிறார்கள். 'மூலிகை' என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்பவர்களும் உண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். ஆனால் மாதக் கணக்கில் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும், வயிற்றில் புண் வரும். சட்டென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடுவார். அதைத்தான் "விஷம்" என்றேன்.

ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நான் சொல்லாமல் விட்டேன். அதன் விலையை ஒரு கர்ப்பிணிப் பெண் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பாஷாணங்களைச் சுத்தி செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். சுத்தி செய்து, அரிசி எடை அளவில், உரிய அனுபானத்தோடு, உரிய காலத்தில் கொடுத்தால் மருந்து. அளவும் காலமும் தவறினால் நஞ்சு. அந்த மரபில் வந்த நானே பெயரை மட்டும் வைத்து ஒரு மருந்தை விஷம் என்று சொல்லலாமா? அந்த மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நனைந்த பாலிதீன் பையும் பிஞ்சு நுரையீரலும்

ஒரு பாலிதீன் பையை உள்ளே தண்ணீரால் நனைத்து, இரு பக்கத்தையும் அழுத்தி ஒட்டிவிடுங்கள். இப்போது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். லேசில் விரியாது. தண்ணீரின் பிடிப்பு அப்படி!

நுரையீரல் என்பது இப்படிப்பட்ட கோடிக்கணக்கான நுண்ணிய பைகளின் குவியல். அவற்றின் உட்சுவரும் ஈரமானதுதான். பிறகு எப்படி நாம் சுலபமாக மூச்சு விடுகிறோம்? அந்த ஈரத்தின் மேல் சோப்பு நுரை மாதிரி வழவழப்பான ஒரு கொழுப்புப் படலம் பரவியிருக்கிறது. 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர். அது தண்ணீரின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. மூச்சை விட்ட பிறகும் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்தபடி இருக்கின்றன.

கருவிலிருக்கும் பிள்ளைக்கு 24 வாரத்தை ஒட்டித்தான் இது சுரக்கத் தொடங்கும். தேவையான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்த பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய பையை ஊதித் திறக்க வேண்டும். விலா எலும்பு உள்ளே இழுக்கும், மூக்கு விடைக்கும், முனகும். கொஞ்ச நேரத்தில் களைத்துப் போய்விடும்.

பத்து மாதம் நிறைகிற சமயத்தில் பிள்ளையின் அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பது) 'கார்டிசால்' என்ற சுரப்பை அதிகமாக விடுகிறது. "வெளியே போகும் நேரம் வந்துவிட்டது, தயாராகு" என்று நுரையீரலுக்கு அது சொல்லும் சேதி. கார்டிசாலும் ஒரு ஸ்டீராய்டுதான்! நம் எல்லோர் உடம்பிலும் தினமும் சுரப்பதுதான். அவசரப்பட்டு வரும் பிள்ளைக்கு அந்தச் சேதியை முன்கூட்டியே அனுப்புவதுதான் தாய்க்குப் போடும் ஊசி.

ஜனாதிபதி மகனும் ஆட்டுக்குட்டியும்

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டிய பிரசவம். எடை 2 கிலோவுக்கு மேல். இன்றைக்கு நம்மூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே தேற்றிவிடக்கூடிய குழந்தை. அன்று உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் இருந்தும், 39 மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனான். சர்ஃபாக்டன்ட் குறைவுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் 1959-லேயே கண்டு சொல்லியிருந்தார். ஆனால் சரிசெய்யும் வழி அப்போது இல்லை.

வழியைக் காட்டியது ஓர் ஆட்டுக்குட்டி! நியூசிலாந்து ஆடுகளுக்குப் பெயர்போன நாடு. நமக்கு வேம்பூர் ஆடு மாதிரி. அங்கே ஆக்லாந்து நகரில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சினை ஆட்டின் கருவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது குட்டிகள் முன்கூட்டியே பிறந்தன. அந்த வயதில் பிழைக்கவே முடியாத குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பார்த்தால் நுரையீரல் விரிந்திருக்கிறது!

அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து, குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையிலிருந்த 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்து 1972-ல் வெளியிட்டார்கள். ஊசி போடாத தாய்மாரின் பிள்ளைகளில் முதல் வாரத்தில் இறந்தவை நூற்றுக்கு 15. போட்டவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 3 தான். மூச்சுத்திணறல் நோய் நூற்றுக்கு 26-லிருந்து 9 ஆகக் குறைந்தது.

பிறகு வந்த ஆய்வுகளும் இதையே சொல்லின. மூளைக்குள் ரத்தக் கசிவு, குடல் அழுகல் என்ற குறைமாதக் குழந்தைகளின் வேறு இரண்டு எமன்களும் குறைவது தெரிந்தது. ஆனாலும் இந்த ஊசி எல்லா ஊர்களிலும் வழக்கத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படித்த டாக்டர்களுக்கே அந்தப் பெயர் மீது அவ்வளவு தயக்கம்! அப்படியிருக்க, கரிமூட்டம் போடும் பெரியவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

எப்போது? எவ்வளவு?

24 வாரம் முடிந்து 34 வாரத்துக்குள், ஒரு வாரத்துக்குள் பிரசவமாகிவிடும் என்று டாக்டர் உறுதியாக நினைக்கும்போது போடுவது. நம் நாட்டில் பெரும்பாலும் 'டெக்சாமெத்தசோன்' ஊசி. ஒரு வேளைக்கு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை. அத்தோடு சரி. 'பீட்டாமெத்தசோன்' என்ற மருந்தையும் போடுவதுண்டு.

ஏன் இந்த இரண்டு மட்டும்? மற்ற சில ஸ்டீராய்டுகளை நஞ்சுக்கொடி வழியிலேயே செயலிழக்கச் செய்துவிடும். இவை இரண்டும் பிள்ளை வரைக்கும் போய்ச் சேரும். ஆகவே, "வீட்டில் ஆஸ்துமா மாத்திரை இருக்கிறதே, அதுவும் ஸ்டீராய்டுதானே" என்று யாரும் கைவைத்தியம் பார்க்க வேண்டாம்.

முதல் ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்துப் பலன் நன்றாகத் தெரியும்; ஏழு நாள் வரை நீடிக்கும். முழு நான்கும் போட நேரமில்லாவிட்டாலும் ஒன்றிரண்டு உள்ளே போனாலே கொஞ்சம் பலன் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் பொன்!

இதை உணர்ந்து மத்திய சுகாதாரத் துறை 2014-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குறைமாத வலியோடு வரும் தாய்க்கு, செவிலியரே முதல் டோஸைப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அதில் அனுமதித்தார்கள்.

எல்லோருக்கும் போட்டுவிட்டால் என்ன?

இந்த இடத்தில்தான் வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 'நல்லதுதானே, எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் மருந்து அல்ல இது.

ஏழை, நடுத்தர வருமான நாடுகள் ஆறில், ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நம் நாட்டில் பெலகாவி, நாக்பூர் வட்டாரங்கள் அதில் இருந்தன. கிராமத்து அளவிலேயே இந்த ஊசியைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. சிறிய குழந்தைகளின் மரணம் குறையவில்லை. மொத்தத்தில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு சிசுக்கள் கூடுதலாகவே இறந்திருந்தன! தாய்மாருக்குக் கிருமித் தொற்றும் கூடியிருந்தது.

மருந்து அதேதான், ஏன் இப்படி? பல பெண்களுக்கு வாரக் கணக்கு சரியாகத் தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் குறைமாதத்தில் பெறவே இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கவனிக்கும் வசதியும் பல இடங்களில் போதவில்லை.

பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் வேறு விதமாகச் சோதித்தது. இந்தத் தடவை கவனிப்பு வசதியுள்ள 29 ஆஸ்பத்திரிகள். ஸ்கேன் மூலம் வாரம் கணித்த 2852 தாய்மார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஊசி போடாத பிரிவில் நூற்றுக்கு 23.5 குழந்தைகள் இறந்தன. போட்ட பிரிவில் 19.6. அதாவது 25 தாய்மாருக்குப் போட்டால் ஒரு பிள்ளை கூடுதலாகப் பிழைக்கிறது. தாய்க்குத் தொற்று கூடவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் விளங்கும். வாரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிரசவம் நெருங்கியது உறுதியாக வேண்டும். தாய்க்குக் கர்ப்பப்பையில் கிருமித் தொற்று இருக்கக்கூடாது. தாயையும் சேயையும் கவனிக்கும் வசதி அங்கே வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தந்த பரிந்துரையும் இதுதான். எங்கள் பாஷையில் சொன்னால் காலம், அளவு, பத்தியம்!

வளர்ந்த பிறகு மூளை எப்படி?

"பிள்ளை பிழைச்சுக்கிரும். பின்னாடி மந்தமாப் போயிருமோ?" இந்தக் கேள்வி எல்லாத் தாய்மாரின் மனதிலும் உண்டு.

ஆக்லாந்து ஆய்வில் பிறந்த குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 30 வயதில் சோதித்தபோது அறிவுத்திறன், நினைவாற்றல், மனநிலை எதிலும் ஊசி போட்டவர் போடாதவர் என்ற வித்தியாசம் இல்லை. இன்சுலின் வேலை செய்வதில் மட்டும் லேசான மாற்றம் தெரிந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உரிய காலத்தில் ஊசி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதம் குறைவாக இருக்கவே வாய்ப்பு என்று தெரிகிறது. மூச்சு திணறி, மூளைக்குள் ரத்தம் கசிந்தால்தான் மூளைக்குக் கேடு. அதைத் தடுப்பதும் மூளையைக் காப்பதுதானே?

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். திரும்பத் திரும்பப் பல சுற்று போட்டால் பிள்ளையின் எடையும் தலைச் சுற்றளவும் சற்றுக் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். பின்லாந்தில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், இந்த ஊசி போட்டும் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மன, நடத்தைக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஊசிதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால், தேவையில்லாமல் போடாதே என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

தேதி தெரியுமா, தாயே?

"எப்பம்மா கடைசியாக் குளிச்சே?" என்று கேட்டால், "விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடி" என்று பதில் வரும். முன்னாடி என்றால் இரண்டு நாளா, இருபது நாளா? 33 வாரமா 36 வாரமா என்ற தீர்ப்பே அதில்தான் இருக்கிறது!

மாதவிலக்கின் முதல் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அந்த நாளிலிருந்து 168-ஆம் நாள் 24 வாரம்; 238-ஆம் நாள் 34 வாரம்; 280-ஆம் நாள் நிறைமாதம். நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதியுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வாரத்தைத் துல்லியமாகச் சொல்வது அந்த முதல் ஸ்கேன்தான். தாய் சேய் நல அட்டையை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று. ஏழில் தங்கும், எட்டில் தங்காது என்பது சுத்தப் பேத்தல். கருவில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். ஏழு மாதப் பிள்ளையைவிட எட்டு மாதப் பிள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 'தங்காது' என்று கைவிட்டதாலேயே தங்காமல் போன பிள்ளைகள் எத்தனையோ!

கேட்கிறார்கள்... சொல்கிறேன்

*ஊசி போட்டால் தாய்க்கு உடம்பு ஊதுமா?*

இரண்டு நாள் மருந்துக்கு அதெல்லாம் வராது. ஆனால் சர்க்கரை சில நாள் ஏறும். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி ரத்தம் சோதிப்பார்கள். காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தாலும் மறைக்காதீர்கள்.

*ஊசி போட்ட பிறகு பிள்ளை துடிப்பு குறைந்த மாதிரி இருக்கிறதே?*

ஓரிரு நாள் அசைவு மந்தப்படுவதுண்டு. ஆனால் நீங்களாகவே 'மருந்தினால்தான்' என்று முடிவு செய்யாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

*வலி நின்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி வலி வந்தால் மறுபடி ஊசியா?*

ஏழு நாளுக்கு மேல் கடந்து, இன்னும் 34 வாரத்துக்குள் இருந்து, பிரசவம் நிச்சயம் என்றால் இன்னும் ஒரே ஒரு சுற்று போடலாம். டாக்டர் தீர்மானிப்பார். வாரா வாரம் போடுவது கூடாது.

*34 வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால்?*

அப்போது மூச்சுக்குக் கிடைக்கும் நன்மை குறைவு. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது கூடுகிறது. எல்லோருக்கும் போட வேண்டியதில்லை.

*இதற்குச் சித்த மருத்துவத்தில் மாற்று இல்லையா?*

இல்லை. முப்பது வருடத் தொழிலை முன்வைத்துச் சொல்கிறேன். கர்ப்பிணியின் வாய்க்குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் என்னிடம் வாருங்கள். ஏழாம் மாதத்தில் வலி என்றால் என் வாசலில் நிற்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் தூரம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் 50. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனால் எந்தச் சாலையும் வீட்டில் கழித்த நேரத்தைத் திருப்பித் தராது. 37 வாரத்துக்கு முன்பு இடுப்பு வலி விட்டு விட்டு வந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ கஷாயம் காய்ச்ச அடுப்பு மூட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள்.

அந்தக் கரிமூட்டக் குடும்பத்தின் கதை? அன்று ராத்திரி ஒன்பதரைக்கு முதல் ஊசி. காலையில் இரண்டாவது. மத்தியானம் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூக்கில் குழாய் வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கும் மெஷினில் ஆறு நாள். பிறகு தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தே தேற்றினார்கள். 26-ஆம் நாள் வீட்டுக்கு வந்தாள். உச்சி வேளையிலேயே ஊசி போட்டிருந்தால் மூன்றாவதும் உள்ளே போயிருக்கும். மெஷினில் அத்தனை நாள் கிடந்திருக்க மாட்டாளோ என்று எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

போன மாதம் பெரியவர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அங்கன்வாடிக்குப் போகிறாளாம். என் மேஜையிலிருந்த கல்வத்தைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்று கேட்டாள். ஒரே மூச்சில் பத்துக் கேள்வி!

இப்போதெல்லாம் ஊர்க் கூட்டத்தில் ஸ்டீராய்டைப் பற்றிப் பேசினால், முழுதாகப் பேசிவிட்டுத்தான் உட்காருகிறேன்.